புல் ஓடுபாதையில் படுத்தவர்கள்

பலேர்மோவில், லிபெர்த்தா வீதிப் பக்கம் நான் வேலை செய்யும் வீட்டில், சனிக்கிழமை மாலைகளில் அடிக்கடி ஒரு புரட்சி நடக்கும். புரட்சிக்காரர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். வந்தவுடன் மேலங்கியைக் கழற்றி என் கையில் தருவார்கள், நல்ல கதிரையாகப் பார்த்துச் சாய்வார்கள், கோப்பி வரும்வரை ஒருவர் மற்றவரின் இரத்த அழுத்தத்தை விசாரிப்பார்கள். கோப்பி உள்ளே போன பிறகுதான் அரசாங்கத்தைத் திட்டத் தொடங்குவார்கள். இவர்கள் சின்ன ஓடுபாதைகளைப் பாதுகாக்கும் குழு. எல்லோரும் சொந்தமாகச் சின்னப் பிளேன் வைத்திருக்கிறவர்கள், அல்லது ஒரு காலத்தில் வைத்திருந்தவர்கள்.

வீட்டுக்காரரான சிஞ்ஞோரே, அதாவது ஐயா, பத்திரங்களை உறுதிப்படுத்தும் ஓய்வுபெற்ற நொத்தாரிசு. மனைவி இறந்த பிறகு அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சமைப்பேன், மருந்து கொடுப்பேன், சப்பாத்துக் கயிறு கட்டிவிடுவேன், அவர் அதே கதையைத் திரும்பச் சொல்லும்போது முதல் தடவை கேட்பதுபோல வாயைப் பிளப்பேன். அவருக்கும் எனக்கும் நடக்கும் கதை எல்லாம் இத்தாலியனில். அதை இங்கே தமிழில் எழுதும்போது என் பிழைகள் எல்லாம் மறைந்துபோகின்றன. எனக்கு அது வசதிதான்.

அவருடைய பிளேன் நகரத்துக்குத் தெற்கே, மலைகளுக்குள், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் நிற்கிறது. கொட்டகைக்கு முன்னால் நீளமாக ஒரு புல் தரை. அதுதான் ஓடுபாதை. முதல் தடவை அவரைக் காரில் கூட்டிப்போனபோது அதை மாடு கட்டும் தரவை என்றுதான் நினைத்தேன். உண்மையில் செம்மறிகள் நின்றன. பிளேன் கிளம்புவதற்கு முதல் யாராவது ஓடிப்போய் அவற்றைக் கலைக்க வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான்.

இந்தத் தரையை மூட வேண்டும் என்று பக்கத்து ஊர் நகரசபை முடிவெடுத்தது. யாரும் பாவிப்பதில்லை, சூரிய ஒளித் தகடு போட்டால் ஊருக்காவது உதவும் என்றார்கள். சத்தியமாகச் சொன்னால் எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. குழுவில் அதைச் சொல்லவில்லை. கோப்பி கொடுக்கிறவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை, அந்த நிம்மதியை ஏன் கெடுப்பான் என்று விட்டுவிட்டேன்.

குழுவின் வாதங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பூமி நடுங்கினால் உதவி அங்கேதான் வந்து இறங்கும். காடு பற்றினால் அங்கிருந்துதான் அணைக்கப் போவார்கள். பறக்கும்போது இயந்திரம் நின்றுவிட்டால், ஒரு மனிதன் உயிரோடு இறங்க ஒரு துண்டுப் புல்லாவது வேண்டும். இந்தக் கடைசி வாதம் எனக்கும் விளங்கியது. முதல் இரண்டையும் சொல்லும்போது அவர்கள் நிலநடுக்கத்துக்காக ஆவலோடு காத்திருப்பது போலிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சொல் உண்டு, சுதந்திரம். விரும்பிய புல்லில் விரும்பிய நேரம் இறங்குவது மனிதனின் பிறப்புரிமை என்று குழுவின் அவ்வொக்காத்தோ, அதாவது வழக்கறிஞர், மேசையில் தட்டுவார். இந்த நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க விடியவே பொலிஸ் அலுவலகமான கெஸ்தூரா வாசலில் போய் நின்றுவிட்டு வந்த ஒரு நாளும் இதே பேச்சைக் கேட்டேன். அன்றைக்கு அவருடைய கோப்பிக்குச் சீனி போட மறந்துவிட்டேன்.

சிஞ்ஞோரேக்கு மட்டும் அது பேச்சில்லை. அவருக்கு நடை தளர்ந்துவிட்டது, கண்ணாடி இல்லாமல் என் முகம் தெரியாது. தனியாகப் பறக்க விடுவதில்லை, பக்கத்தில் ஓர் இளைய பைலட் இருக்க வேண்டும். அந்த இளையவருக்கு அறுபது வயது. என்றாலும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிளேனுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால் கை நடுங்காது. பெரிய விமான நிலையத்தில் அவரையும் அவருடைய பழைய பிளேனையும் யாரும் சீந்த மாட்டார்கள். மிலானோவில் இருக்கும் மகள் ஒவ்வொரு தடவையும் தொலைபேசியில் அதை விற்கச் சொல்வாள். ஒருநாள் காலை சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது என் தலைக்கு மேலே இருந்து சொன்னார்:

“அந்தத் தரை போனால் நானும் போனேன்.”

சூப்புக்கு உப்புக் குறைந்தாலும் இதே மாதிரிச் சொல்கிற ஆள்தான். ஆனால் அன்றைக்குக் குரல் வேறாக இருந்தது. எனக்கு மனம் கரைந்துவிட்டது, அதை மறைக்கக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

மூடுவதா விடுவதா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஓர் ஆணைக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரப்போவதாகத் தகவல் வந்தது. மக்களுக்கு இந்த இடம் வேண்டுமா என்று நேரில் பார்ப்பார்களாம். அந்தச் சனிக்கிழமை மாலை புரட்சிக்காரர்களின் முகத்தில் ஈயாடவில்லை. மக்களுக்கு எங்கே போவது? பேரப்பிள்ளைகளைக் கேட்டால் வரமாட்டார்கள். ஊர்க்காரர்கள் சூரியத் தகட்டுப் பக்கம். எல்லோரும் யோசித்து யோசித்துக் கடைசியில், நான் தட்டத்தோடு நிற்பதைக் கண்டார்கள். அத்தனை கண்களும் ஒரே நேரத்தில் என்மேல் விழுந்தது அதுதான் முதல் தடவை.

“நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் அல்லவா?” என்றார் அவ்வொக்காத்தோ.

இருக்கிறோம், பலேர்மோ முழுக்க ஈழத்துத் தமிழர். ஆனால் எங்கள் ஆட்களை அரசியலுக்கு என்று கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள், எல்லோருக்கும் திடீரென்று தலையிடி வந்துவிடும். சுற்றுலா என்றால் கொஞ்சப் பேர் வருவார்கள். சுற்றுலாவும் சாப்பாடும் என்றால் பஸ் பிடிக்கலாம். அதோடு ஒரு கோயிலும் சேர்ந்துவிட்டால் இரண்டு பஸ் வேண்டும். கொட்டகைச் சுவரில் லொரேத்தோ மாதாவின் சின்னச் சுரூபம் ஒன்று உண்டு. விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அவதான் காவல். தூசியும் எண்ணெயும் படிந்து, ஒரு மூலையில் பாவமாக நிற்பா.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரிடம் போனேன். அவர் கிழமை நாட்களில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் மீன் துப்பரவாக்குவார். சனி ஞாயிறில் தலைவர். நான் விஷயத்தைச் சொல்ல, அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“தங்கச்சி, மைக் இருக்குமோ?”

“இருக்கும் அண்ணை.”

“அப்ப செய்வம்.”

அடுத்த ஞாயிறு பூசை முடியும்போது மலைக்குள் ஒரு லொரேத்தோ மாதா இருக்கிறா, பயணம் போகிறவர்களுக்கு நல்ல சக்தி, இதுவரை தமிழர் யாரும் போனதில்லை என்று செய்தி பரவியிருந்தது. நான் சைவம். அதனால் பேசாமல் இருந்தேன். சைவக்காரரும் பெயர் கொடுத்தார்கள். பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிற கூட்டம் நாங்கள், இந்த மாதாவுக்கு மட்டும் மாட்டோம் என்று சொல்வோமா.

ஆணைக்குழு வரும் ஞாயிறு காலையில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. சொன்ன நேரத்துக்கு வந்தது சாரதி மட்டும்தான். அவர் இரண்டு தடவை கோப்பி குடித்துவிட்டு வந்தும் எங்கள் ஆட்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புட்டுச் சட்டி, ஆட்டிறைச்சிக் கறி, ரோல்ஸ் அடுக்கிய தட்டங்கள், பாய், குடை, மெழுகுதிரி, பூமாலை. ஆணைக்குழுத் தலைவருக்குப் போட ஒரு மாலை, மாதாவுக்கு ஒன்று, எங்கள் தலைவர் தனக்கு யாராவது போடக்கூடும் என்று மேலதிகமாக ஒன்று. என் பக்கத்தில் எங்கள் கட்டடத்தில் வேறொரு வீட்டில் வேலை செய்யும் மன்னார் அக்காவும் அவவுடைய மகளும். மகள் இங்கேதான் பிறந்தவள், பள்ளிக்கூடம் முடிக்கப்போகிறவள், தாயைவிட ஒரு தலை உயரம்.

வழியில் நான் எல்லோருக்கும் உண்மையைச் சொன்னேன். கும்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் பதாகை பிடிக்க வேண்டும், என்னுடைய சிஞ்ஞோரேக்காக, ஓடுபாதையை மூடாமல் விடச்சொல்லி. மன்னார் அக்கா செபமாலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா.

“ஊரிலை பிளேன் வரக்கூடாதெண்டு நேர்த்தி வைச்சனாங்கள். இஞ்சை வரவேணும் எண்டு நேர்த்தி வைக்கப் போறமோ?”

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

தரையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. குழுவினர் கழுத்துப்பட்டி கட்டி வரிசையாக நின்றார்கள். ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியது ஒரு சிஞ்ஞோரா, பெண் அதிகாரி. குதிச் சப்பாத்துப் புல்லுக்குள் புதைந்து போக, எரிச்சலோடு வந்தவ, சேலையும் வேட்டியுமாக இத்தனை பேரைக் கண்டதும் முகம் மாறினா. எங்கள் ஆட்கள் மாதாவைத் துடைத்துக் கழுவி, மாலை போட்டு, மெழுகுதிரி கொளுத்திவிட்டார்கள். விமான எண்ணெய்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் மெழுகுதிரியைக் கண்ட இளைய பைலட் வெளிறிப்போய் ஓடிவந்து பீப்பாவை உருட்டிக்கொண்டு போனார். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். அவ்வொக்காத்தோ சுதந்திரம் பற்றிப் பேசினார், மைக்குக்கே களைத்துப்போனது. பிறகு எங்கள் தலைவரின் முறை. அவர் இத்தாலியனில் முதலில் மாதாவுக்கு, பிறகு ஆணைக்குழுவுக்கு, பிறகு பங்குத்தந்தைக்கு, பிறகு பஸ் சாரதிக்கு நன்றி சொல்லத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிஞ்ஞோரே இளைய பைலட்டோடு மேலே எழும்பியிருந்தார். நன்றியுரை நடக்கும்போது ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சனங்களுக்கு மேலால் தாழப் பறந்து வணக்கம் சொல்வது என்று திட்டம். திட்டம் எனக்கும் தெரியும். அவரைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டவளே நான்தான். அவருடைய கழுத்துத் துண்டைச் சரி செய்து, கவனம் என்று சொல்லிவிட்டு வந்து ரோல்ஸ் தட்டத்தைக் கையில் எடுத்தேன்.

பிளேன் மலைப்பக்கம் உயரத்தில் வட்டம் போட்டது. வட்டம் போட்டபோதே கதைகள் குறைந்ததைக் கவனித்தேன். பெண்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். பிறகு சத்தம் மாறியது. மூக்கை நிலத்துக்குக் குத்திக்கொண்டு இறங்கும்போது வருகிற சத்தம் அது. தலைவர் நன்றியுரையை விட்டார், இத்தாலியனையும் விட்டார். மைக்கில் அவருடைய குரல் மலை முழுக்கக் கேட்டது:

“பதியுது, எல்லாரும் படுங்கோ.”

பொம்மர் குண்டு போட இறங்குவதை எங்கள் ஊரில் பதிகிறது என்றுதான் சொல்வோம். நாற்பது வயதைத் தாண்டிய அத்தனை பேரும் படுத்தோம். யாரும் யோசிக்கவில்லை. குப்புற விழுந்து, வாயைத் திறந்து, காதைப் பொத்தினோம். சிலர் பஸ்ஸுக்குக் கீழே உருண்டார்கள். வாய்க்காலுக்குள் ஒரு குடும்பமே இறங்கியது. மன்னார் அக்கா தன்னைவிட உயரமான மகளை ஒரே இழுவையில் விழுத்தி அவளுக்கு மேலே படுத்தா. “மம்மா, மா கே ஃபாய்”, அம்மா என்ன செய்கிறாய், என்று அந்தப் பிள்ளை அடியில் கிடந்து கத்தியது. இங்கே பிறந்த மற்றப் பிள்ளைகள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள், நிலத்தில் கிடக்கும் தாய் தகப்பனை ஒரு கண்ணும் பிளேனை ஒரு கண்ணுமாகப் பார்த்தார்கள். என் முகம் புல்லுக்குள். நெஞ்சுக்குக் கீழே ரோல்ஸ் நசிந்து சூடாக இருந்தது. எங்களுக்கு மேலால் போன பிளேனுக்குள் இருந்து சிஞ்ஞோரே கைலேஞ்சியை ஆட்டினார் என்று பிறகு சொன்னார்கள்.

சத்தம் போனது. பிறகு கைதட்டல் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தால் குழு தட்டுகிறது, ஆணைக்குழு தட்டுகிறது, சிஞ்ஞோரா கண்ணைத் துடைக்கிறா. அவர்கள் கண்டதையும் சொல்ல வேண்டுமே. எங்கள் தலைவர் மைக்கில் ஒரு கட்டளை போட்டார். அடுத்த நொடி ஒரு கூட்டமே ஓடுபாதையில் விழுந்து கிடந்தது. எங்கள் உடம்புக்கு மேலால்தான் இதை மூடுவீர்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். தலைவர் எழும்பினார், முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினார், கைதட்டலைக் கேட்டார். தலைவர்மார் எதிலும் தலைவர்மார்தான். மாலை ஒன்றை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு பத்திரிகைக்காரருக்குப் பேட்டி கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் சிரிப்பு அடங்கவில்லை. யார் எங்கே விழுந்தது, யாருடைய சேலை எங்கே கிழிந்தது, புட்டுச் சட்டிக்கு மேலே கிடந்தது யார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது, பிறகு அது நிற்காமல் வந்தது, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருடம் கழித்து, இந்த நாட்டில் வீடு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, நத்தாருக்குப் புது உடுப்பு என்று எல்லாம் கண்ட பிறகும் எங்களை விழுத்த ஒரு சின்னப் பிளேன் போதுமாக இருந்தது. வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. மன்னார் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“பிள்ளை கேக்கிறாள், அம்மா ஏன் எனக்கு மேலை விழுந்தனீங்கள் எண்டு.”

“என்ன சொன்னீங்கள் அக்கா?”

“கால் தடக்கினது எண்டனான்.”

அடுத்த சனிக்கிழமை புரட்சிக்காரர்கள் இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். பத்திரிகையில் படம் வந்திருந்தது. ஓடுபாதைக்காக உடலைக் கொடுத்த தமிழர்கள் என்று மேலே எழுதியிருந்தார்கள். படத்தில் என் பின்பக்கம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஆணைக்குழு மனம் இளகிவிட்டதாம், மூடுவதைத் தள்ளிப்போட்டு, முடிவுக்கு முன் இன்னொரு முறை வருவார்களாம். இந்தத் தடவை தொலைக்காட்சியும் வரும். எல்லோரும் என்னை இருக்கச் சொன்னார்கள். அந்த வீட்டு வரவேற்பறைக் கதிரையில் நான் இருந்தது அன்றுதான்.

“இதற்கு உங்கள் மதத்தில் ஒரு பெயர் இருக்கிறதா?” என்று அவ்வொக்காத்தோ பக்தியோடு கேட்டார்.

“இருக்கிறது,” என்றேன். “படுக்கிறது.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். இந்தியாவின் அகிம்சை பற்றி ஒருவர் விளக்கினார். நாங்கள் இந்தியர் இல்லை என்றேன். அதனால் ஒன்றும் இல்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். அடுத்த முறையும் அதேபோலப் படுக்க வேண்டும். ஆனால் கொஞ்சம் மெதுவாக, கமெராவுக்கு விளங்குகிற மாதிரி, முடிந்தால் எல்லோரும் வெள்ளை உடுப்பில். சிஞ்ஞோரே இன்னும் தாழப் பறப்பார். அவர் கண்ணெல்லாம் சந்தோஷமாக என்னைப் பார்த்தார், தரை தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்ட மாதிரி. தலைவருக்கு அவர்கள் ஏற்கெனவே தொலைபேசி எடுத்துவிட்டார்கள், அவரும் ஓம் சொல்லிவிட்டார். மறைக்கல்வி முடிந்த பிறகு பங்கு மண்டபத்தில் ஒத்திகை வைக்கிற அளவுக்குப் போய்விட்டது.

தலைவரிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

“அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? மன்னார் அக்காவைக் கூப்பிட்டுப் பொய்க்குப் படுங்கோ எண்டு சொல்லுவீங்களோ?”

“தங்கச்சி, நான் மைக்கிலை அப்பிடிக் கத்தினது எனக்கே தெரியாது,” என்றார். கையில் பிடித்திருந்த மீன் கத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பயத்திலை கத்தினனான் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சா நல்லாவோ இருக்கும்? இது போராட்டமாவே இருக்கட்டும்.”

நான் பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்பினேன்.

சிஞ்ஞோரேயிடம் சொன்னால் ஓடுபாதை போய்விடும் என்ற பயம் இருந்தது. சொல்லாவிட்டால் எங்கள் ஆட்களை அந்தச் சத்தத்துக்குக் கீழே நானே கூட்டிக்கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும். ஒரு மதியம், அவர் சமையலறை மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அது போராட்டம் இல்லை, பயம். சின்ன வயதில் எங்கள் ஊருக்கு மேலே அப்படி ஒரு பிளேன் வரும், சுற்றும், பதியும், குண்டு போடும் என்றேன். ஒரு தடவை பதிந்து எழும்பியபோது எங்கள் ஒழுங்கை முடிவில் இருந்த வீடு இல்லாமல் போனது, அந்த வீட்டில் என்னோடு படித்தவள் இருந்தாள் என்றும் சொன்னேன்.

“என்ன மாதிரிப் பிளேன்?” என்று கேட்டார். பைலட்மாருக்கு முதலில் அதுதான் தெரிய வேண்டும்.

“சின்னது. முன்னால் சுழலும் ஒரு காற்றாடி. இறக்கை கீழே. இத்தாலியில் செய்தது என்று பிறகுதான் அறிந்தோம். உங்களுடையது மாதிரி இல்லை சிஞ்ஞோரே, உங்களுடையதுதான்.”

அவர் கரண்டியை வைத்தார். அந்த வகைப் பிளேன் பல நாடுகளுக்கு விற்கப்பட்டது என்று அவருக்குத் தெரியும். மெதுவாகச் சொன்னார்:

“அதைப் பயிற்சிக்காகத்தான் செய்தார்கள்.”

“ஓம். எங்களில்தான் பயின்றார்கள்.”

சூப் ஆறிவிட்டது. சூடாக்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. எழும்பித் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபமாக்கும், மகளிடம் சொல்லி என்னை நிறுத்திவிடுவாராக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை குழு வந்தபோது, தமிழர் யாரும் படுக்கப் போவதில்லை, கேட்கவும் கூடாது என்றார். ஏன் என்று அவர்கள் கேட்டதற்கு, அது அவர்கள் விஷயம் என்று மட்டும் சொன்னார். அவ்வொக்காத்தோ எழும்பி நின்று, அப்படியென்றால் தரை போனது, உங்கள் பிளேனை இரும்புக்குப் போடுங்கள் என்றார். சிஞ்ஞோரேயின் முகம் சுருங்கியது. தடியை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

“படுக்கத்தான் வேண்டும் என்றால் நாங்கள் படுப்போம்.”

இதன் பிறகு நடந்த விவாதம் அந்தப் புரட்சியின் பொற்காலம். ஒருவருக்கு இடுப்பில் உலோகம். ஒருவருக்கு மல்லாந்து படுத்தால் தலை சுற்றும், குப்புறப் படுத்தால் மூச்சு முட்டும். பக்கவாட்டில் படுத்தால் அது போராட்டமாகக் கணக்கில் வருமா என்று ஒருவர் கேட்டார். அவ்வொக்காத்தோ ஈரப் புல்லில் படுப்பதற்குச் சட்டத்தில் என்ன தடை இருக்கிறது என்று தேடிப்பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் சோர்ந்துபோனார்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஓடுபாதை தப்பியது. சூரியத் தகடுகளை மலைக்கு அந்தப் பக்கம் போட்டார்கள். சிஞ்ஞோரே இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கிறார், செம்மறிகளை இன்றைக்கும் நான்தான் கலைக்கிறேன்.

அந்த இரண்டாம் ஞாயிறு எங்கள் ஆட்கள் குறைவாகத்தான் வந்தார்கள். மாதாவுக்காக வந்தார்கள். பிளேன் வரும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன், பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். மன்னார் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. மகள் அவவுக்குப் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தாய் அவளுக்கு என்ன சொன்னாவோ தெரியாது, ஆனால் ஏதோ சொல்லியிருந்தா.

புரட்சிக்காரர்களைப் படுக்க வைப்பது பெரிய வேலையாகப் போய்விட்டது. ஒவ்வொருவரும் தன்னைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணோடு வந்திருந்தார்கள். ருமேனியாக்காரி, பிலிப்பைன்ஸ்காரி, நான். கம்பளம் விரித்து, தலையணை வைத்து, பல்செட்டைக் கழற்றுவதா என்று கேட்டு, ஒவ்வொருவராக இறக்கினோம். அவ்வொக்காத்தோ கழுத்துக்கு ஊதுகிற தலையணை கொண்டுவந்திருந்தார். தொலைக்காட்சிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கமெராவை ஆட்டினார். சிஞ்ஞோரே கம்பளம் வேண்டாம் என்றுவிட்டு வெறும் புல்லில் மல்லாந்து படுத்தார். அவருடைய பிளேனை அந்த இளைய பைலட் எடுத்துப் போனார். உயரத்திலேயே போக வேண்டும் என்று சிஞ்ஞோரே அவருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் தொலைக்காட்சி வந்திருக்கிறதே, இளையவருக்கு ஆசை விடவில்லை. பிளேன் மலைப்பக்கம் வட்டம் போட்டது, பிறகு சத்தம் மாறியது. நிற்க வேண்டும் என்று நான் கங்கணம் கட்டியிருந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது, பார்த்தால் அவருக்குப் பக்கத்தில் புல்லில் கிடக்கிறேன். அவர் கண்ணாடி போட்டிருந்தார், கண்ணை மூடவில்லை. தன்னுடைய பிளேன் தன் நெஞ்சுக்கு நேரே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்களைத் தாண்டிப் போனபோது புல்லெல்லாம் சாய்ந்தது. அவருடைய கை என் சட்டைக் கையைப் பிடித்திருந்தது, நன்றாக நடுங்கியது.

கைதட்டல் தொடங்கிவிட்டது. ருமேனியாக்காரி அவ்வொக்காத்தோவை இழுத்து எழுப்பிக்கொண்டிருந்தாள். நான் முழங்காலில் எழும்பி, சிஞ்ஞோரேக்குக் கை கொடுத்தேன். அவர் பிடிக்கவில்லை.

“முடிந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

“தெரியாது சிஞ்ஞோரே. அது திரும்பி வரும். சத்தம் போனாலும் படுத்துத்தான் இருக்க வேண்டும்.”

அவர் எழும்பவில்லை. எல்லோரும் சுற்றி நின்று கூப்பிட்டார்கள், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பிளேன் திரும்பும் சத்தம் கேட்டது. அவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.